திமிங்கிலம் எங்கிருந்து வந்தது: திருப்பூரில் ஒரு பகல்

திருப்பூருக்குப் பெரும்பாலும் பனியன் வாங்கப் போவார்கள். அல்லது வேலைக்கு. நான் ஒரு திமிங்கிலத்தைத் தேடிப் போனேன். போன மாதம், ஒரு வியாழக்கிழமை, ஒரே பகல். துணியில் படம் அச்சிடும் பட்டறைகளைப் பார்க்க நினைக்கும் ஓவிய மாணவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். அவர்களுக்காக வழி, நேரம், கட்டணம் எல்லாம் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் காரணம்.

சென்னையில் ஓவியம் படிக்கிறேன். இறுதியாண்டு. ஆண்டு முடிவில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர் தருவார்கள். அதை நிரப்ப வேண்டும். வெளியிலிருந்து தேர்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். என் சுவருக்கு ஏழு ஓவியங்கள். ஏழிலும் ஒரு திமிங்கிலம். அதன் வயிற்றுக்குள் ஒரு சக்கரம். தலையில், நீர் பீய்ச்சும் இடத்தில், கூரான இலைகள் கொத்தாக.

எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்லை. கை போனது. நான் பின்னால் போனேன். அர்த்தங்கள் அப்புறம் சேர்ந்தன. சக்கரம் என்றால் காலம். இலை என்றால் கடலுக்குள் மிஞ்சிய நிலம். வகுப்பில் இப்படியெல்லாம் பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கள் வழிகாட்டி மல்லிகா மேடம் மட்டும் ஆட்டவில்லை. ஏழாவது ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இதை நான் எங்கேயோ பார்த்திருக்கேன்" என்றார். எங்கே என்று அவருக்கு நினைவு வரவில்லை. கொஞ்சம் கழித்து, "நீ நாமக்கல். நாமக்கல்ல ஏதும்மா திமிங்கலம்?" என்று கேட்டார்.

குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். 

ஒவ்வொரு சுவரிலும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்று ஒட்ட வேண்டும். எந்தப் பாதிப்பில் வந்த படம், யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்று. எடுத்ததைச் சொல்லாமல் விட்டுத் தேர்வாளர் கண்டுபிடித்தால் சுவர் காலி. வருடமும் போச்சு. மேடம் ஒரு வழி சொன்னார். மூலம் தெரிந்தால் ஏழையும் மாட்டலாம். தெரியாவிட்டால் இரண்டாம் ஆண்டில் வரைந்த பானை, பழம், புட்டி எல்லாவற்றையும் எடுத்து மாட்டித் தேறிவிடலாம். எது என்று வியாழன் மாலை ஆறு மணிக்குள் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காட்சி.

நூலகத்தில் உட்கார்ந்தேன். இணையத்தில் உட்கார்ந்தேன். உலகத்தில் இத்தனை பேர் திமிங்கிலம் வரைந்திருக்கிறார்கள் என்று அதுவரை தெரியாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் என்னுடையதைப் போலவே இருந்தது. முதலாண்டில் இதைப் பார்த்தேனோ. அதைப் பார்த்தேனோ. நான்காவது நாள் என் ஓவியத்தையே யாரோ வரைந்ததைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் அதுவரை எதையும் காட்டவில்லை. முடிந்தபின் காட்டலாம் என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒன்றைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை.

"ஏன் கண்ணு, நம்ம ஜன்னல் துணிய எதுக்கு வரைஞ்சு வெச்சிருக்கற?"

அப்பாவுக்கு லாரிப் பட்டறை. கிரீஸ் துடைக்க, கை துடைக்கத் திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டையாக வரும். வெட்டி மிஞ்சியது, தையல் தப்பியது, எல்லாம் கலந்து, கிலோ கணக்கில். அதில் பெரிய துண்டு வந்தால் அம்மா எடுத்து வைத்துக்கொள்வார். அப்படி வந்த ஒன்று நான் படுக்கும் அறையின் ஜன்னலில் சில வருடம் தொங்கியிருக்கிறது. எனக்கு ஐந்து வயதிலிருந்து. கிழக்குப் பார்த்த ஜன்னல். துணி எனக்கு நினைவில்லை. காலையில் கண் திறந்தால் வெளிச்சம் நீலமாக இருக்கும். அது மட்டும் நினைவிருக்கிறது.

மீதமான ஒரு துண்டு இப்போது வீட்டில் மிக்சிக்கு உறையாக இருக்கிறதாம். அம்மா அதைத் துவைத்துக் கூரியரில் அனுப்பினார். பிரித்தேன். வெளுத்த சாம்பல் நீலம். திமிங்கிலம். வயிற்றில் சக்கரம். தலையில் இலை.

அப்படியானால் இதை யாரோ வரைந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் ஏழு முறை வரைந்திருக்கிறேன். பெரிய ஓவியர்களின் படங்களும் பனியனில் வருகின்றன. யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு பெயர் கிடைத்தால் குறிப்பில் எழுதலாம். ஆனால் அந்தப் பெயரை எழுதிய பிறகு அந்தச் சுவரில் நான் எங்கே இருப்பேன் என்று தெரியவில்லை.

திருப்பூரில் எனக்குத் தெரிந்தது ஒரே ஆள். தாரணி. பெருமாநல்லூர்க்காரி. நாமக்கல்லில் விடுதியில் தங்கிப் படித்தாள். பிளஸ் டூ முடியும்வரை என் பக்கத்து இருக்கை. இப்போது ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் வாங்குகிறவருக்கும் இங்கே தைக்கிறவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலை என்று அவளே விளக்கியிருக்கிறாள்.

புதன் இரவு சென்ட்ரலில் ஏறினேன். ஸ்லீப்பர், முந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஏறக்குறைய நானூற்றைம்பது கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குத் திருப்பூர். என் பெட்டியில் பாதிப் பேர் அங்கேயே இறங்கினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வடக்கிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் துணியைத் திணித்து மேலே தலையணையைக் கட்டியிருந்தார்கள். வெளியே டீக்கடைக்காரர் என்னிடமும் முதலில் இந்தியில்தான் கேட்டார். டீ பதினைந்து ரூபாய். நன்றாக இருந்தது. ஸ்டேஷன் ஓய்வறையிலேயே முகம் கழுவி உடை மாற்றிக்கொள்ளலாம்; அதற்காக அறை எடுக்கத் தேவையில்லை.

எட்டு மணிக்குத் தாரணி ஸ்கூட்டரில் வந்தாள். தெருவெல்லாம் கம்பெனி வேன்கள். சாப்பாட்டுக் கூடைகளோடு ஓடி ஏறும் பெண்கள். அரை நாள் பர்மிஷன் போட்டிருப்பதாகவும் ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது என்றும் முதலிலேயே சொல்லிவிட்டாள். துணியை வாங்கி வண்டி சீட்டில் விரித்தாள்.

"ஏதோ மிஸ்பிரிண்ட் மாதிரி இருக்குதுடி."

மிஸ்பிரிண்ட் என்றாலும் ஒரு பிரிண்ட் இருந்திருக்க வேண்டுமே, அதை ஒருவர் வரைந்திருக்க வேண்டுமே என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளியிலும் அப்படித்தான் பார்ப்பாள். ஏறச் சொன்னாள்.

முதலில் ராயபுரம். ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம். வேஸ்ட் துணிக் குடோன் ஒன்று. நிறம் நிறமாகப் பிரித்து மூட்டை கட்டி உத்தரம்வரை அடுக்கியிருந்தார்கள். வெள்ளைக்கு ஒரு விலை, கலருக்கு ஒரு விலை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து வரைய வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் ஸ்டூல் போட்டு மிக மரியாதையாக உட்கார வைத்தார். நான் துணியை நீட்டி, இந்த டிசைன் யாருடையது என்று தெரிய வேண்டும் என்றேன்.

அவர் துணியை மடித்தார். இன்னும் ஒரு மடிப்பு. என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எந்த பயர்கிட்ட இருந்துங்க வர்றீங்க?"

பயர் என்றால் வெளிநாட்டில் வாங்குகிற கம்பெனி. யாரிடமிருந்தும் இல்லை என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமான பதிலாகப் பட்டிருக்க வேண்டும். தன் வியாபாரம் வேஸ்ட் மட்டும்தான், டிசைன் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, தன் அப்பாவுக்கும் தெரியாது என்றார். அப்பாவை யாரும் கேட்கவில்லை. நாங்கள் படி இறங்கியதும் பின்னால் ஷட்டர் பாதி இறங்கியது.

அடுத்தது காங்கயம் சாலையில் ஒரு பிரிண்டிங் பட்டறை. தாரணியின் அலுவலகம் எப்போதாவது வேலை கொடுக்கும் இடம். சூப்பர்வைசர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். துணியை அவர் கையால் தொடவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எம்மா, இது நம்ம பிரிண்டு கிடையாது. நீங்க ஐடி கார்டு வச்சிருக்கியளா?"

கல்லூரி அட்டையைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் படித்தார். "ஆர்ட்டு காலேஜா" என்று தலையை ஆட்டினார். "அப்ப டிசைன் கேசுதான்." போட்டோ எடுக்கக் கூடாது பாத்துக்கிடுங்க என்று வாசல்வரை கூடவே வந்தார். நான் போனை வெளியே எடுக்கவே இல்லை.

பக்கத்து பேக்கரியில் பப்ஸும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தாரணி ஐந்து நிமிடம் சிரித்தாள். பிறகுதான் விளக்கினாள். வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் படங்களை யாராவது திருட்டுத்தனமாக அடிக்கிறார்களா என்று ஆள் வைத்துப் பார்க்கும். கார்ட்டூன் பொம்மைகளுக்கு அதிகம். அப்படி வருகிற ஆள் நேராகக் கடைக்குள் வந்து ஒரு துணியை நீட்டி, இந்த டிசைன் யாருடையது என்றுதான் கேட்பார்.

"மூக்குல கண்ணாடி, தோள்ல ஜோல்னாப்பை, கைல துணி. நீ கேக்கற கேள்வி பூரா கேசு போடறவங்க கேக்கறது. நானே உன்னை உள்ள விடமாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பத்தரை. திருடிய படம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எந்தப் பயத்தில் ஓடி வந்தேனோ, அதே பயத்தைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தாரணி கடைசி முயற்சியாகத் துணியைப் படமெடுத்துத் தங்கள் பிரிண்டர்கள் வாட்ஸாப் குழுவில் போட்டாள். இந்தத் திமிங்கிலம் யார் போட்டது, தெரிந்தால் சொல்லவும். பார்த்தோம். நீல டிக் கூடிக்கொண்டே போனது. ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டாவது டீ முடியும்போது தனியாக ஓர் அழைப்பு வந்தது. தாரணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மிணி, அந்தப் போட்டோ உங்களுக்கு எங்க கெடச்சுதுங்க?"

தெரிந்த ஒருத்தி வைத்திருக்கிறாள் என்று தாரணி சொன்னாள்.

"அத முதல்ல குரூப்ல இருந்து அழிச்சுப் போடுங்க. அவங்களக் கூட்டிட்டு நேர்ல வாங்க. பேசிக்கலாம்."

வைத்துவிட்டார். தாரணி என்னைப் பார்த்தாள். "பயந்தவருதான் போட்டவரு" என்றாள்.

அழைத்தவரின் பட்டறை தாரணியின் ஊரான பெருமாநல்லூரில். திருப்பூருக்கு வடக்கே ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் அரை மணி நேரம் ஆனது. (பேருந்தில் போகிறவர்கள் புதிய பேருந்து நிலையத்தில் ஏறலாம். அடிக்கடி உண்டு. இருபது ரூபாய்க்குள்.) வழி நெடுக இரண்டு பக்கமும் கம்பெனிகள், நடுநடுவே சோளக்காடு, மறுபடி கம்பெனி. நான் பின்னால் உட்கார்ந்து என்ன பெயர் சொல்லப்போகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்த பெயராக இருந்தால். தெரியாத பெயராக இருந்தால். எது தேவலை என்று முடிவாகவில்லை.

பட்டறை முதலாளியை இங்கே நாச்சிமுத்து என்று அழைக்கிறேன். அவர் பெயர் அதுவல்ல. எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஐம்பதை நெருங்குகிறவர். கேட்டிலேயே நின்றிருந்தார். தாரணி என்னை அறிமுகப்படுத்த வாயெடுத்தாள். அவர் விடவில்லை. "உள்ள வாங்க, முதல்ல உள்ள வாங்க" என்று அலுவலக அறைக்குள் கூட்டிப்போய் இளநீர் வரவழைத்துக் கதவைச் சாத்தினார். நான் துணியை மேஜையில் விரித்தேன்.

பார்த்தார். உட்கார்ந்தார்.

"திமிங்கலம் நாங்க போட்டதுதானுங்க" என்றார். "இல்லீன்னு சொல்லுல. ஆனா இது டிசைனே இல்லீங்க."

எனக்குப் புரியவில்லை. புரியாத முகத்தை அவர் நம்பாத முகமாக எடுத்துக்கொண்டார். எழுந்து கதவைத் திறந்து, "வாங்க, வந்து உங்க கண்ணாலயே பாருங்க" என்று பட்டறைக்குள் நடந்தார்.

நீளமான மேஜைகள். ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்ததைப் போன்ற மணம். சுவரோரம் சட்டம் போட்ட ஸ்கிரீன்கள் சாய்ந்திருந்தன. ஒவ்வொன்றும் வலை கட்டிய சின்ன ஜன்னலைப் போல. ஒரு படத்தில் எத்தனை நிறமோ அத்தனை ஸ்கிரீன் என்பது எனக்குத் தெரியும். கல்லூரியிலும் செய்திருக்கிறோம். கோடியில் இருந்த மேஜையில் மனோஜ் என்பவர், பீகார்க்காரர், ஒரு ஸ்கிரீனைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி அவரிடம் ட்ரையல் துணியைக் கேட்டார். மனோஜ் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கந்தலை இழுத்துப் போட்டார்.

பூனை. பூனையின் முகத்தில் ஒரு நங்கூரம். நங்கூரத்தின் மேல் தலைகீழாகப் பாதி மண்டையோடு. அதைச் சுற்றி நட்சத்திரங்கள்.

நல்ல துணியில் அடிக்கும் முன்னால் ஸ்கிரீனில் அடைப்பு இருக்கிறதா என்று வேஸ்ட் துணியில் ஒருமுறை சாயம் இழுத்துப் பார்ப்பார்கள். அதற்காக ஒவ்வொரு முறையும் புதுத் துணி எடுப்பதில்லை. நாள் முழுக்க ஒரே துணி. காலையில் ஒரு ஆர்டர், மத்தியானம் ஒரு ஆர்டர், எது வந்தாலும் அதன் மேலேயே. எங்கள் கல்லூரியில் தாளில் பார்ப்போம், கசக்கிப் போடுவோம். துணியை யாரும் கசக்கிப் போடமாட்டார்கள். அது எடைக்குப் போகும்.

முதலாளி என் துணியை அந்த மேஜையில் விரித்து விரலால் வழக்கை நடத்தினார். திமிங்கிலம் ஒரு குழந்தைகள் ஆர்டர், இரவு உடை. சக்கரம் வேறு ஆர்டர். அது சைக்கிள் படம். டயர் கறுப்பு, பாடி சிவப்பு.

"கறுப்பு ஸ்கிரீன் மட்டும் இழுத்துப் பாத்திருக்கறம். அதனால டயரு விழுந்திருக்குது. பாடி செவப்பு ஸ்கிரீன்லீங்க. அது இதுல விழுவவே இல்ல. இந்தத் தழை அன்னாசிப் பழத்துது. பச்ச ஸ்கிரீன். பழம் மஞ்ச ஸ்கிரீன்ல போயிருச்சு. மூணு ஆர்டருங்க. மூணு பயர். இது என்னுதுன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுங்க. எந்தக் கோர்ட்லயும் முடியாது."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

சந்தேகப்பட்டுக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் இன்னும் அழுத்தமாகச் சொன்னார். "ஒருத்தரும் சொல்ல முடியாதுங்க."

யாரும் வரையவில்லை. திமிங்கிலத்தை ஒருவர் வரைந்தார், அது வேறு திமிங்கிலம். சைக்கிளை ஒருவர் வரைந்தார். அன்னாசியை ஒருவர். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கமாட்டார்கள். இந்தப் பட்டறையில் யாரோ மூன்று முறை அவசரமாகச் சாயம் வழிக்கும் கட்டையை இழுத்திருக்கிறார்கள். அப்புறம் வெயில். ஜன்னலில் சில வருட வெயில் மூன்று நிறத்தையும் ஒன்றாக்கிவிட்டது.

நாச்சிமுத்து இன்னும் முடிக்கவில்லை. இப்போது இதை வைத்து நான் என்ன செய்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும். போனில் ஓவியங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். தேர்வாளர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். தனக்கு எதற்கெல்லாம் பொறுப்பு, எதற்கு இல்லை என்று பிரித்தார். எங்க திமிங்கலம் சிரிக்கும், இது சிரிக்கல என்றார். எங்க டயர்ல கம்பி கம்மி என்றார். நான்காவது ஓவியத்தில் நின்றார்.

"இந்தச் சேரு எங்களுது இல்லீங்க."

ஏழு ஓவியத்திலும் ஒரு நாற்காலி இருக்கிறது. இதுவரை அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. வகுப்பிலும் பேசியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கீழ் மூலையில் சின்னதாகச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக, திமிங்கிலத்தைப் பார்த்தபடி. இடம் நிரப்பப் போட்டது என்று நினைத்திருந்தேன். எந்தத் துணியிலும் அது இல்லை. எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"சேரு யாருதுங்க?" என்றார் விடாமல்.

"எங்க அப்பா பட்டறையிலதுங்க. நாமக்கல்ல. வண்டி விட வர்றவங்க உக்கார்றது."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. லாரியை விட்டுவிட்டு, வேலை முடியும்வரை அதில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டிரைவர்கள். மணிக்கணக்கில். பள்ளி விட்டு வந்தால் அந்த நாற்காலி காலியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். காலியாக இருந்தால் நான் உட்காருவேன். எதிரே தூக்கி நிறுத்திய ஒரு லாரி. சக்கரம் கழற்றியது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டறையா? அப்ப நீங்க கேசுக்கு வர்லீங்களா?"

தாரணி அப்போதுதான் முழுக் கதையையும் சொன்னாள். காலேஜ், சுவர், மேடம், மிக்சி உறை. நாச்சிமுத்து ஒரு ஸ்கிரீன் சட்டத்தின் மேல் சாய்ந்து கேட்டார். கேட்கக் கேட்க முகம் தளர்ந்தது. வாங்குகிறவர்கள் சொல்லியிருக்கிறார்களாம், அவர்களுடைய படம் விழுந்த துணி ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது, வெட்டி அழிக்க வேண்டும் என்று. அப்போதெல்லாம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தத் திமிங்கிலம் குரூப்பில் வந்து நின்றதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அத வந்ததும் சொல்லறதில்லீங்களா கண்ணு?"

நீங்கதான் பேச விடவே இல்லையே என்றாள் தாரணி. மனோஜ் சிரித்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. என் போனை வாங்கி ஓவியத்தைப் பார்த்து, பனியனில் போட்டால் ஓடும், ஆனால் ஏழு கலர் வரும், செலவு ஜாஸ்தி என்று தமிழிலேயே சொன்னார். சேர் ரொம்ப நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

கிளம்பும்போது நாச்சிமுத்து ஒன்று கேட்டுக்கொண்டார். படத்தை எங்கே வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், அது என் சொத்து. இந்தத் துணியை மட்டும் மாட்ட வேண்டாம். திமிங்கிலம் அடித்துக் கொடுத்த பயரிடம் இன்னும் வேலை வாங்குகிறார். நான் சரி என்றேன். அந்தத் திமிங்கிலத்தை நிறைய அடித்தீர்களா என்று கேட்டேன். லட்சக்கணக்கில் என்றார். ஏற்றுமதியில் மிஞ்சியது தமிழ்நாட்டில் எல்லா பிளாட்பாரத்துக்கும் போனதாம்.

ஒன்றே காலுக்குத் தாரணி என்னைப் பெருமாநல்லூர் நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, பதினைந்து நிமிடத்துக்குத் தான் வாங்கப்போகும் திட்டை என் கணக்கில் எழுதிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பேருந்தில் ஸ்டேஷன் பக்கம் வந்து ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். முழுச் சாப்பாடு. மூன்று முறை சோறு வாங்கினேன். பரிமாறியவர் எந்த ஊர் என்று விசாரித்தார்.

இதுபோலப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை சம்பள நாள், யாரும் பேசமாட்டார்கள். வார நடுவில் காலையில் போங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போனால் நிற்க இடமிருக்காது. பிந்தைய வாரத்தில் ஊரே காலியாக இருக்கும். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக மாணவர் என்று சொல்லுங்கள். அட்டையைக் காட்டுங்கள். டிசைன் யாருடையது என்று எந்தக் காரணம் கொண்டும் கேட்காதீர்கள். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். கையால் வரைந்துகொண்டால் யாரும் தடுப்பதில்லை, கூட்டம்தான் சேரும். பழைய செருப்பு போதும், சாயம் ஒட்டினால் போகாது. ராயபுரத்தில் வெள்ளை வேஸ்ட் துணியைக் கிலோவுக்கு வாங்கலாம். பெரிய துண்டாகக் கேட்டால் பொறுக்கித் தருவார்கள். கேன்வாஸ் விலைக்கு அது எவ்வளவோ தேவலை. பசையும் சுண்ணமும் தடவினால் வண்ணம் நன்றாகப் பிடிக்கிறது.

நான் வாங்கவில்லை. அந்த ஷட்டரைத் தட்டத் துணிவில்லை.

நாலு மணி வாக்கில் சென்னைக்கு ஒரு பகல் ரயில் உண்டு. உட்காரும் இருக்கை இருநூறுக்குள். ஜன்னலோரம் கிடைத்தது. பாதிப்புகள் பற்றிப் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து போனது. யாரும் உருவாக்காத படம் என்று ஒன்று இருக்க முடியுமா. ஒரு குழந்தை தூக்கக் கலக்கத்தில் பார்த்தது அதை உருவாக்கியதாகுமா. வழக்கமாக இப்படி ஒரு கேள்வி கிடைத்தால் நாலு நாள் விடமாட்டேன். அன்றைக்கு விட்டுவிட்டேன். காலத்தையும் மிஞ்சிய நிலத்தையும் சேர்த்து விட்டுவிட்டேன். தோள் இறங்கியிருந்தது. பல வாரமாக அது காதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

ஈரோடு தாண்டியதும் சிக்னல் வந்தது. மேடத்தைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் சத்தத்தில் பாதி இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்போ யாருமே வரையலையா?"

"மூணு பேர் வரைஞ்சதுல பாதிப்பாதி மேடம். சேர்த்தது யாருமில்ல."

"சேர்த்துப் பார்த்தது?"

"நான்தான் மேடம்."

லட்சக்கணக்கில் அடித்த இரவு உடை என்று சொன்னாயே, அதன் நிறம் என்ன என்று மேடம் கேட்டார். நீலம், சிரிக்கும் திமிங்கிலம் என்றேன். அவர் பையனுக்கு அப்படி ஒன்று இருந்ததாம். முழங்கால் கிழிந்த பிறகும் கழற்ற மாட்டானாம். எங்கேயோ பார்த்தது அங்கேதான். மேடம் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை.

பிறகு வழக்கமான குரலுக்கு வந்துவிட்டார். நடந்ததை நடந்தபடியே அரைப் பக்கம் எழுதச் சொன்னார். துணியை மாட்டுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னேன், வேண்டாம் என்றார்.

"ஏழையும் மாட்டிடு. சனிக்கிழமை ஏழு மணிக்கே வந்துடு. காலேஜ்ல ஆணி இல்ல. நீயே வாங்கிட்டு வா."

பெரிய படத்துக்கு இரண்டு, சின்னதற்கு ஒன்று. ஒன்றரை இஞ்ச் போதும். சுவர் பழைய சுவர், சுண்ணாம்பு உதிரும், இரண்டு இஞ்சே வாங்கிவிடலாம். வளைந்து போவதற்குக் கூடுதலாக நாலு. சேலம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.